தொண்டு நிறுவனம் அரசு மானியம் கோரும் முன்: தகுதி விதிகளைப் படிப்பதும் கோப்பை ஒழுங்கு செய்வதும்

மானிய விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டால், தங்கள் பணியை அதிகாரிகளுக்குச் சரியாக எடுத்துச் சொல்லவில்லை என்றே பல தொண்டு நிறுவனத்தார் எண்ணிக்கொள்கிறார்கள். அடுத்த ஆண்டு இன்னும் உருக்கமான முன்னுரையும் கூடுதல் புகைப்படங்களும் சேர்த்து மறுபடியும் அனுப்புகிறார்கள். சிறிய நிறுவனங்களின் கோப்புகளைத் தயாரிக்க உதவி வந்ததில் நான் கண்டது வேறு. திரும்பி வந்தவற்றுள் பெரும்பாலானவை, பணியின் தரம் பரிசீலனைக்கு வருமுன்பே, தகுதி என்ற முதல் வாசலில் நின்றுவிட்டவை. அந்த வாசலில் கேட்கப்படுபவை விண்ணப்பிக்கும் மாதத்தில் தயாரித்துக்கொள்ளக்கூடிய காகிதங்கள் அல்ல. கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளாக நிறுவனம் ஒழுங்காக நடந்து வந்திருந்தால் தாமாகவே சேர்ந்திருக்க வேண்டிய பதிவுகள் அவை.

மானியம் தரும் திட்டங்கள் பல. எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தொட்டுச் செல்வதைவிட ஒன்றை எடுத்துக்கொண்டு விளக்குவது பயனுள்ளது என்பதால், மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்தின் தீனதயாள் மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வுத் திட்டத்தை இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். 1999-இல் தொடங்கி, 2003-இல் இன்றைய பெயரைப் பெற்று, 2018-இல் திருத்தியமைக்கப்பட்ட திட்டம் இது. சிறப்புப் பள்ளி, மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கான மையம், தொழுநோயிலிருந்து குணமடைந்தோர் மறுவாழ்வு, மனநோய் சிகிச்சைக்குப் பின் தங்கும் இடைநிலை இல்லம், வீட்டிற்கே சென்று அளிக்கும் பயிற்சி போன்றவற்றை நடத்தும் நிறுவனங்களுக்கு இதில் உதவி கிடைக்கும். தமிழ்நாட்டில் சிறப்புப் பள்ளி நடத்தும் சிறிய நிறுவனம் ஒன்று இத்திட்டத்திற்கு விண்ணப்பிப்பதாக வைத்துக்கொள்வோம்.

எந்த விதிகளைப் படிக்க வேண்டும்

இரண்டு விதித்தொகுப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஒன்று, குறிப்பிட்ட திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறை. இதை எல்லோரும் படிக்கிறார்கள். மற்றொன்று, மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017. இதை ஏறக்குறைய யாரும் படிப்பதில்லை. எந்த அமைச்சகத்தின் மானியமாக இருந்தாலும், அதற்கு அடித்தளம் இந்த நிதி விதிகளின் 9-ஆம் அத்தியாயம்தான். அதிலும் 228 முதல் 238 வரையுள்ள விதிகளை நிறுவனத்தின் செயலாளரும் பொருளாளரும் ஒருமுறையாவது முழுமையாகப் படித்துவிட வேண்டும். திட்ட நெறிமுறையில் இல்லாத ஒரு நிபந்தனையை அதிகாரி கேட்கிறார் என்று குறைபட்டுக்கொள்பவர்கள், அந்த நிபந்தனை இந்த அத்தியாயத்தில் இருப்பதை அறியாதவர்களாகவே இருக்கக் கண்டிருக்கிறேன்.

விதி 230, விண்ணப்பத்துடன் நிறுவனத்தின் அமைப்பு விதிகள், துணை விதிகள், தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள், வருமானம் எங்கிருந்து வருகிறது, எப்படிச் செலவாகிறது என்ற விவரம் ஆகியவற்றைக் கேட்கிறது. மானியம் எதற்காகத் தேவைப்படுகிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். விரிவாக வகுக்கப்பட்ட, நடைமுறைக்கு ஒத்த குறிப்பிட்ட திட்டத்திற்கு மட்டுமே உதவி பரிசீலிக்கப்படும். "நிறுவனத்தின் வளர்ச்சிக்காக" என்று பொதுவாகக் கேட்டால் கிடைக்காது. இதே நோக்கத்திற்காக மத்திய அரசின் வேறு துறையிடமோ மாநில அரசிடமோ மானியம் பெறவில்லை, விண்ணப்பிக்கவும் இல்லை என்று சான்றளிக்க வேண்டும் என்பதும் இதே விதியில் வருகிறது.

இந்தச் சான்றை அச்சிட்ட படிவத்தில் கையெழுத்துப் போடும் சடங்காக எண்ணிவிடக் கூடாது. சிறப்பாசிரியர் ஒருவரின் ஊதியத்திற்கு மாநில அரசின் உதவியைப் பெற்றுக்கொண்டே அதே ஆசிரியரின் பெயரை மத்திய அரசின் விண்ணப்பத்திலும் காட்டினால், அது இரட்டை மானியம். ஒரே வளாகத்தில் இரண்டு அரசுகளின் உதவியும் இருக்கலாகாது என்று இதற்குப் பொருளில்லை. எந்த வகுப்பு, எந்தப் பணியிடம், எந்த மாணவர் எந்த நிதியில் வருகிறார் என்பதைப் பிரித்துக் காட்டும் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அதன்படியே கணக்கையும் தனித்தனியாக எழுதிவந்தால், மாநில உதவி பெறுவதை மறைக்க வேண்டிய அவசியமே எழாது. மறைத்தால்தான் தகுதி போகும்.

சட்டத்தின் பார்வையில் உங்கள் நிறுவனம் எது

தனிச் சட்ட உருவம் உள்ள அமைப்புக்கே மானியம் தரலாம் என்கிறது விதி 228. நண்பர்கள் சேர்ந்து பத்தாண்டுகளாக நற்பணி செய்துவந்தாலும், பதிவு இல்லையென்றால் அரசின் கண்ணுக்கு அப்படியோர் அமைப்பு இல்லை. பதிவுக்குப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு: சங்கம், அறக்கட்டளை, 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவின் கீழ் வரும் இலாப நோக்கற்ற கம்பெனி. மூன்றுமே இத்திட்டத்திற்குத் தகுதியானவை. ஒன்று மற்றொன்றைவிட மதிப்புக் கூடியது என்று எந்த விதியும் சொல்லவில்லை.

சங்கமாகப் பதிவு பெற்றவர்கள், தாங்கள் எந்தச் சட்டத்தின் கீழ் இருக்கிறோம் என்பதைச் சரியாக எழுத வேண்டும். திட்ட நெறிமுறைகளில் 1860-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம் முதலில் குறிப்பிடப்படுவதால், பலரும் அதையே விண்ணப்பத்தில் எழுதிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பது 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். மத்திய அரசின் நெறிமுறை மாநிலத்தின் இணைச் சட்டத்தையும் ஏற்கிறது என்பதால் உண்மையை எழுதுவதில் நட்டம் எதுவும் இல்லை. சான்றிதழில் ஒரு சட்டமும் விண்ணப்பத்தில் வேறு சட்டமும் இருப்பதுதான் விளக்கம் கேட்டுக் கடிதம் வரக் காரணமாகிறது.

பதிவுச் சான்றிதழ் என்பது பிறந்த நாளைச் சொல்லுமே தவிர, நிறுவனம் இன்று உயிரோடிருக்கிறதா என்பதைச் சொல்லாது. தமிழ்நாட்டுச் சட்டப்படி, சங்கம் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, தணிக்கை செய்த கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. நிர்வாகிகள் மாறினால் அதையும் உரிய படிவத்தில் தெரிவிக்க வேண்டும். தலைவர் காலமாகி நான்காண்டு ஆன பின்னும் பதிவாளரின் கோப்பில் அவரே தலைவராக இருந்த ஒரு சங்கத்தை எனக்குத் தெரியும். புதிய தலைவர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தில், சட்டத்தின் பார்வையில், கையெழுத்திட உரிமையுள்ளவரே இல்லை. தாக்கல் விட்டுப்போயிருந்தால், மானிய விண்ணப்பத்தைத் தொடுமுன் தாமதத்திற்குரிய நடைமுறைப்படி அதைச் சரிசெய்து, நடப்பு நிர்வாகிகள் பட்டியலின் சான்றிட்ட நகலைப் பதிவாளரிடமிருந்து பெற்றுக்கொள்வதே முதல் வேலை.

அறக்கட்டளைக்காரர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. "1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைகள் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டது" என்று லெட்டர்பேடிலேயே அச்சிட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அந்தச் சட்டம் உண்மையில் தனியார் அறக்கட்டளைகளுக்கானது. பொது நன்மைக்கான அறக்கட்டளையின் ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின்படி பதிவாகிறது. மகாராட்டிரத்தில் உள்ளதுபோல் பொது அறக்கட்டளைகளுக்கென்று தனியான ஆணையரோ சட்டமோ நமக்கு இல்லை. படிவத்தில் 1882 என்ற தெரிவு மட்டுமே இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஆய்வுக்கு வருபவர் பார்க்கப்போவது ஆவணத்தின் உள்ளடக்கத்தைத்தான். பயனாளிகள் பொதுமக்களா, குறிப்பிட்ட குடும்பமா? சாதி, மதம், பாலினம் பார்த்து யாரையும் விலக்கும் வாசகம் உள்ளதா? கலைக்கப்பட்டால் சொத்து அதே நோக்கமுள்ள வேறொரு அமைப்புக்குப் போகுமா, நிறுவியவரின் வாரிசுகளுக்குத் திரும்புமா? வாரிசுகளுக்குத் திரும்பும் என்று எழுதப்பட்ட ஆவணத்தை வைத்துக்கொண்டு, இலாப நோக்கற்ற நிறுவனம் என்று வாதிட முடியாது.

நிர்வாகக் குழுவில் கணவன், மனைவி, மகன், மருமகள் என்று ஒரே குடும்பத்தார் நிறைந்திருப்பதையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். அறிந்தவர்களை வைத்து நிறுவனம் தொடங்குவது இயல்புதான். எனினும், தனிநபர் எவருக்கும் ஆதாயம் தராத அமைப்பாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடைபோடும் அதிகாரிக்கு, தீர்மானப் புத்தகத்தில் ஒரே இனிஷியல் திரும்பத் திரும்ப வருவது நம்பிக்கையைத் தராது. வெளியார் மூவரையேனும் முறைப்படி சேர்த்து, அவர்கள் கூட்டங்களுக்கு உண்மையாகவே வருகிறார்கள் என்று வருகைப் பதிவும் காட்டுமானால், கேள்வியின் கூர்மை பாதியாகக் குறையும்.

இரண்டு ஆண்டு என்பது எந்த இரண்டு ஆண்டு

இத்திட்டத்தில் நிறுவனம் குறைந்தது இரண்டு ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும். வேறு சில திட்டங்கள் மூன்றாண்டு கேட்கின்றன. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெறும் செயலாக்க அமைப்புக்கும் 2021-இல் திருத்தப்பட்ட விதிகள் மூன்றாண்டு அனுபவத்தையே அளவாக வைத்துள்ளன. பதிவான தேதியிலிருந்து எண்ணிப் பார்த்துவிட்டுத் தகுதி வந்துவிட்டது என்று முடிவு கட்டுவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். அந்த இரண்டு ஆண்டுகளிலும் பணி நடந்தது என்பதைத் தணிக்கைக் கணக்கும் ஆண்டறிக்கையும் காட்ட வேண்டும். பதிவு 2021-இல், முதல் மாணவர் சேர்ந்தது 2024-இல் என்றால், மேசையில் இருப்பது நான்காண்டு நிறுவனம் அன்று.

அனுபவமும் கோரும் பணியோடு ஒத்துப்போக வேண்டும். மரம் நடுதலும் இரத்ததான முகாமும் நடத்திய இரண்டாண்டுகள், செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான பள்ளிக்கு அனுபவமாகா. துணை விதிகளின் நோக்கப் பகுதியில் மாற்றுத்திறனாளிகள் நலன் இடம்பெறவில்லையென்றால் பொதுக்குழுவைக் கூட்டி முறைப்படி திருத்தி, பதிவாளரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அறக்கட்டளையில் இது எளிதன்று. திருத்தும் அதிகாரத்தை மூல ஆவணம் அறங்காவலர்களுக்குத் தந்திருக்கிறதா என்று முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்பது நல்லது.

இத்துறைக்கென்று தனியாக வேண்டிய பதிவு

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 50-ஆம் பிரிவில், பதிவுச் சான்றிதழ் பெறாமல் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனத்தை யாரும் தொடங்கவோ நடத்தவோ கூடாது என்கிறது. மானியம் வேண்டுமோ வேண்டாமோ, சிறப்புப் பள்ளி நடத்தும் தொண்டு நிறுவனத்தார் எல்லோருக்கும் இது பொருந்தும். சங்கப் பதிவு இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு: சங்கப் பதிவு அமைப்புக்கு உரியது, இது அந்த அமைப்பு நடத்தும் பணிக்கு உரியது. விண்ணப்பத்தின் மீது 90 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று 51-ஆம் பிரிவு கூறுகிறது. மறுத்தால் மேல்முறையீட்டுக்கும் வழியுண்டு. நமது மாநிலத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகித் தொடங்க வேண்டிய இந்த வேலைக்குக் கட்டடம், கழிப்பறை, சாய்தளம், பணியாளர் எல்லாம் ஆய்வுக்கு உட்படும் என்பதால், மானிய அறிவிப்பு வெளியான பிறகு ஓடத் தொடங்கினால் காலம் போதாது. சான்றிதழுக்குக் காலவரையறை உண்டு. விண்ணப்ப நாளிலும் ஆய்வு நாளிலும் அது உயிரோடு இருக்க வேண்டும்.

சிறப்பாசிரியர்களும் பேச்சு, செவித்திறன் சிகிச்சையாளர்களும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பது 1992-ஆம் ஆண்டின் மறுவாழ்வு மன்றச் சட்டத்திலிருந்து வருவது. பட்டயச் சான்றிதழ் மட்டும் போதாது. பதிவு எண் வேண்டும், அதுவும் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். அன்பாகப் பாடம் நடத்தும், ஆனால் பதிவில்லாத ஆசிரியரை நிறுவனம் வைத்துக்கொள்ளலாம். அவருடைய மதிப்பூதியத்தை மானியத்தில் கோர இயலாது.

பணம் இல்லாதவர்களுக்குத்தானே மானியம் என்ற கேள்வி

நிதிநிலை திடமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் படித்ததும் பலருக்குக் கோபம் வருகிறது. பணமிருந்தால் அரசிடம் ஏன் கையேந்த வேண்டும் என்கிறார்கள். காரணம் நடைமுறை சார்ந்தது. ஆசிரியருக்கு மாதக் கடைசியில் ஊதியம் தர வேண்டும். குழந்தைகளுக்கு மதியம் உணவு போட வேண்டும். வாகனத்திற்கு டீசல் ஊற்ற வேண்டும். மானியமோ மாவட்ட ஆய்வு, மாநிலப் பரிந்துரை, மத்திய அமைச்சகத்தின் ஒப்புதல் என்று மூன்று மேசைகளைத் தாண்டி, நிதியாண்டின் பிற்பகுதியில் தவணையாக வந்து சேரலாம். அதுவரை பள்ளியை மூடாமல் நடத்தும் வலு உண்டா என்பதே அந்த நிபந்தனை கேட்கும் கேள்வி. ஆறு மாதச் செலவைத் தாங்கும் நன்கொடையோ இருப்போ இல்லாத நிறுவனம், தகுதி பெற்றாலும் மானியத்தால் இடர்ப்படும் என்பது என் கருத்து.

மானியம் முழுச் செலவையும் ஏற்பதும் இல்லை. இத்திட்டத்தில் உதவி, திட்டச் செலவில் 90 சதவீதம் வரை போகலாம். செலவு என்பது நீங்கள் செய்யும் செலவன்று, நெறிமுறை ஒவ்வொரு தலைப்புக்கும் வகுத்துள்ள வரம்புக்குள் அடங்கும் செலவு. வரம்புப்படி 20 லட்சம் ரூபாய் வரும் திட்டத்திற்கு அரசு 18 லட்சம் தந்தால், மீதி 2 லட்சமும், வரம்பைத் தாண்டி நீங்கள் கொடுக்கும் கூடுதல் ஊதியமும் வாடகையும் உங்கள் கையிலிருந்து போக வேண்டியவை. அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதை நன்கொடையாளர் பட்டியலோடு காட்ட முடிந்தால், நிதிநிலை பற்றிய கேள்விக்கும் அதுவே விடையாகிவிடும்.

கணக்குகளைப் பொறுத்தவரை, ஆடிட்டர் கையெழுத்திட்ட இருப்புநிலைக் குறிப்பு, வருமான–செலவுக் கணக்கு, பெறுதல்–கொடுத்தல் கணக்கு மூன்றும் ஆண்டுவாரியாக இருக்க வேண்டும். செயலாளர் நிறுவனத்திற்குக் கைமாற்றாகக் கொடுத்தது, நிறுவனம் செயலாளருக்கு முன்பணமாகக் கொடுத்தது போன்ற வரிகள் அதிகாரியின் கண்ணில் முதலில் படும். இவற்றைத் தீர்த்து முடிக்காமல் ஆண்டுக்காண்டு சுமந்து வருவது, வருமான வரிச் சட்டத்தின்படியும் ஆபத்தானது. நிர்வாகிகளுக்கும் அவர்தம் உறவினருக்கும் ஆதாயம் போனால் வரிவிலக்கே கைவிட்டுப் போகலாம்.

வரிப் பதிவு குறித்து ஒரு தெளிவு தேவை. பலரும் 80ஜி இல்லாததால் அரசு மானியம் கிடைக்காது என்று அஞ்சுகிறார்கள். 80ஜி நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தருவது; மானியத்தோடு அதற்கு நேர்த்தொடர்பு இல்லை. 12ஏபி பதிவு நிறுவனத்தின் சொந்த வருமானத்திற்கு வரிவிலக்கு தருவது. மானியமும் நிறுவனத்தின் வரவாகவே கணக்கில் ஏறும் என்பதால் இது இல்லாமல் பெருந்தொகையை வாங்குவது அறிவுடைமையாகாது. 2021 முதல் இப்பதிவு காலவரையறைக்கு உட்பட்டது. ஒருகாலத்தில் வாங்கிய 12ஏ சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பவர்கள் அது இன்றும் செல்லுமா என்று பார்க்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் வருவதால் பிரிவு எண்களும் மாறுகின்றன. ஆடிட்டரிடம் கேட்டுப் புதிய எண்ணையே எழுதுங்கள். வெளிநாட்டு நன்கொடைக்கான பதிவு, அரசு மானியத்திற்குத் தேவையில்லை.

பெயர் ஒன்றாக இருக்க வேண்டும்

கோப்புகள் மிக அதிகமாகச் சிக்கிக்கொள்ளும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். விண்ணப்பிக்கும் நிறுவனம், நிதி ஆயோக்கின் என்.ஜி.ஓ. தர்பண் தளத்தில் பதிவு செய்து தனி அடையாள எண் பெற்றிருக்க வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. வாங்கித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம். நிறுவனத்தின் பான் எண்ணும் முக்கிய நிர்வாகிகளின் பான், ஆதார் விவரங்களும் அங்கே கேட்கப்படும். தர்பண் எண் கிடைத்துவிட்டதால் அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஆகிவிட்டோம் என்று பெயர்ப்பலகையில் எழுதுவது தவறு. அது அடையாளம் மட்டுமே.

அடுத்தது, பி.எஃப்.எம்.எஸ். எனப்படும் பொது நிதி மேலாண்மை அமைப்பில் நிறுவனத்தையும் அதன் வங்கிக் கணக்கையும் பதிவு செய்வது. மத்திய அரசின் பணம் இந்த வழியாகவே நகர்கிறது. செலவையும் இதிலேயே காட்ட வேண்டும். பின்னர், இந்த அமைச்சகத்தின் விண்ணப்பங்களைப் பெறும் இ-அனுதான் தளம். மூன்று தளங்களிலும் பதிவுச் சான்றிதழ், பான் அட்டை, வங்கிக் கணக்கு ஆகிய மூன்று மூல ஆவணங்களின் விவரங்கள் ஒன்றோடொன்று ஒத்திருக்க வேண்டும்.

பதிவுச் சான்றிதழில் "கல்வி மற்றும் மறுவாழ்வுச் சங்கம்" என்று ஆங்கிலத்தில் முழுதாக இருக்கும். பான் அட்டையில் "மற்றும்" என்பதற்குக் குறியீடு விழுந்திருக்கும். வங்கியில் இடம் போதாமல் பெயரின் வால் வெட்டப்பட்டிருக்கும். மனிதர் பார்த்தால் ஒரே நிறுவனம் என்று புரியும், கணினிக்குப் புரியாது. இதனால் மாதக்கணக்கில் நின்ற கோப்புகள் உண்டு. முகவரியும் அப்படியே: பதிவு அலுவலகம் பழைய வாடகை வீட்டிலும் பள்ளி புதிய இடத்திலும் இருந்தால், இரண்டுக்கும் சான்று வைத்து, எது எது என்று விண்ணப்பத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். எனவே எந்தத் தளத்தையும் திறக்குமுன், மூல ஆவணங்கள் மூன்றையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் பதிவுச் சான்றிதழில் உள்ளபடி மற்ற இரண்டையும் திருத்திக்கொள்ளுங்கள். பள்ளிக்குப் பொதுவில் வழங்கும் பெயர் வேறு, நடத்தும் அமைப்பின் சட்டப் பெயர் வேறு என்றால், விண்ணப்பதாரர் அமைப்புதான், பள்ளியன்று.

வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில், இருவர் கூட்டாகக் கையெழுத்திடும்படி இருக்க வேண்டும். தனிநபர் கணக்கை ஏற்கமாட்டார்கள். விண்ணப்பிக்க முடிவு செய்து, கையெழுத்திடுபவரை அதிகாரப்படுத்தும் தீர்மானத்தை நிர்வாகக் குழு நிறைவேற்றியிருக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தின் தேதி விண்ணப்பத் தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும் என்பதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கையெழுத்திடுமுன் பத்திரத்தைப் படியுங்கள்

மானியம் ஒப்புதலான பின் நிர்வாகக் குழு உறுப்பினர்கள் ஒரு பிணைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். நிபந்தனைகளைக் குறித்த தேதிக்குள் நிறைவேற்றுவோம், பணத்தை வேறு வழியில் திருப்பமாட்டோம், திட்டத்தை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைக்கமாட்டோம் என்பவை அதன் சாரம். மீறினால், கையெழுத்திட்டோர் கூட்டாகவும் தனித்தனியாகவும் மானியத்தை ஆண்டுக்கு 10 சதவீத வட்டியுடன் குடியரசுத் தலைவர் பெயரில் திருப்பிச் செலுத்த வேண்டும். 12 லட்சம் ரூபாய்க்கு ஓராண்டு வட்டி மட்டும் 1 லட்சத்து 20 ஆயிரம். "தனித்தனியாகவும்" என்ற சொல்லின் பொருள், செயலாளர் செய்த தவறுக்கு, கூட்டத்திற்கு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போன உறுப்பினரிடமும் முழுத் தொகையைக் கேட்கலாம் என்பதுதான். இதை உறுப்பினர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குவது செயலாளரின் கடமை.

மானியத்தில் வாங்கிய வாகனத்தையோ உபகரணத்தையோ அனுமதியின்றி விற்கக் கூடாது. மானியத் தொகை கணக்கில் கிடந்து ஈட்டிய வட்டி நிறுவனத்துடையது அன்று. கணக்கு முடிந்ததும் அதை, அரசுக்குப் பணம் செலுத்தும் இணையதளமான பாரத்கோஷ் வழியாக அரசுக்குச் செலுத்திவிட வேண்டும். அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். கணக்குகளை ஒப்புதலளித்த அதிகாரியும், இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரும் பார்வையிட வழிவிட வேண்டும். அரசு நிதியால் கணிசமாக நடக்கும் தொண்டு நிறுவனம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் என்பதை 2019-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியிருக்கிறது. எனவே பதில் சொல்லும் பொறுப்பை யாருக்காவது முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

முதலாண்டு மானியம் வாங்கியவருக்கு அடுத்த ஆண்டுத் தகுதி, பணம் உரிய நோக்கத்திற்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழில் அடங்கியிருக்கிறது. பொது நிதி விதிகளின் ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில், நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் இதை அளிக்க வேண்டும். தொடர் மானியத்தில், முந்தைய ஆண்டுக்கான தற்காலிகச் சான்றிதழாவது இல்லாமல் புதிய பணம் வராது. அதைக் கொடுத்தாலும், தணிக்கை செய்த கணக்குடன் இறுதிச் சான்றிதழ் திருப்திகரமாகச் சேரும்வரை, அந்த ஆண்டு ஒப்புதலில் 75 சதவீதத்திற்கு மேல் விடுவிக்கமாட்டார்கள். 16 லட்சம் ஒப்புதலானால் 4 லட்சம் அந்த ஒரு காகிதத்திற்காகக் காத்திருக்கும். செலவாகாத மீதியும் அடுத்த ஆண்டுத் தொகையில் கணக்கிடப்படும்.

ஆய்வு நாள்

மாவட்ட அலுவலர் நேரில் வந்து பார்த்து அளிக்கும் அறிக்கையின்றிக் கோப்பு சென்னைக்கே போகாது, அதன்பின்தான் தில்லி. ஆய்வு நாளுக்காகக் குழந்தைகளை வேறு இடங்களிலிருந்து அழைத்து வந்து உட்கார வைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வருகைப் பதிவேடு, மதிய உணவுப் பதிவேடு, வாகன ஓட்டப் பதிவேடு மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தெரிந்த அலுவலருக்கு அது சில நிமிடங்களில் விளங்கிவிடும். 40 பேர் வந்த நாளில் 22 பேருக்குச் சமைத்திருந்தால் வேறு சாட்சி எதற்கு? உண்மையான எண்ணிக்கை 22 என்றால் 22-க்கே விண்ணப்பியுங்கள். மாணவர் ஒவ்வொருவருக்கும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, யூ.டி.ஐ.டி. எனப்படும் தேசிய அளவிலான மாற்றுத்திறனாளி அடையாள எண், பெற்றோர் ஒப்புதல், மதிப்பீட்டு அறிக்கை, முன்னேற்றக் குறிப்பு ஆகியவற்றைத் தனிக் கோப்பில் வைத்திருப்பது ஆய்வுக்கு மட்டுமன்றிப் பாடம் நடத்தவும் உதவும்.

வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்று கேட்டால், நீண்ட காலம் பிடிப்பதை முதலில் தொடங்கச் சொல்வேன். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான பதிவும், சங்கப் பதிவாளரிடம் விட்டுப்போன தாக்கல்களும், பெயர்த் திருத்தமும் மாதங்களை விழுங்கக்கூடியவை. இவற்றை ஒரே நேரத்தில் தொடங்கிவிட வேண்டும். பெயர் சீரான பிறகே தர்பண், அதன்பின் பி.எஃப்.எம்.எஸ்., கடைசியில் இ-அனுதான். ஏப்ரலில் நிதியாண்டு பிறந்தவுடன் ஆடிட்டரிடம் கணக்கைக் கொடுத்து, செப்டம்பர் வரை இழுத்தடிக்காமல் முடித்துவிட்டால், பொதுக்குழுவைக் கூட்டவும் பதிவாளரிடம் தாக்கல் செய்யவும் விண்ணப்பத்தில் நடப்புக் கணக்கை இணைக்கவும் அவகாசம் கிடைக்கும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இணைப்பு ஆவணம் இல்லை, சான்றிதழ் காலாவதி, பெயர் வேறுபாடு என்ற வகைக் காரணங்கள் அடுத்த ஆண்டுக்குள் தீர்க்கக்கூடியவை. அதே சேவை அப்பகுதியில் ஏற்கெனவே போதுமான அளவு உள்ளது என்று மாவட்ட அறிக்கை சொல்லியிருந்தால், அது உங்கள் காகிதங்களால் தீராது; அருகிலுள்ள, பள்ளி இல்லாத ஒன்றியத்தில் கணக்கெடுத்து, வீட்டிற்கே சென்று பயிற்சி தரும் திட்டமாக மாற்றிக் கோருவதைப் பற்றி மாவட்ட அலுவலரிடமே கலந்து பேசலாம்.